நாட்கூலியும் குறுக்குவலியும்: பத்துமலை முதல் கிள்ளான் வரை ஒரு சிகிச்சை வரலாறு

மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தொடரும் முதுகுவலியை இக்கால மருத்துவம் நாள்பட்ட முதுகுவலி என்று வகைப்படுத்துகிறது. அதனால் அவதிப்படுவோருள் மிகப் பெரும்பாலோரிடம் இன்ன எலும்பு தேய்ந்தது, இன்ன நரம்பு நசுங்கியது என்று ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது என்பதையும் அதே மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும், புண்ணைக் கண்ணே கண்டுகொள்ளும். இவ்வலிக்கோ வலிப்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி அரிது. வடக்கே பத்துமலையில் தொடங்கி, கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வழியாக மேற்கே கிள்ளான் துறைமுகம்வரை விரியும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குனிந்தும் நிமிர்ந்தும் சுமந்தும் பிழைத்த தமிழர்களிடையே இந்தச் சாட்சியற்ற வலிக்கு எண்ணெய்த் தேய்ப்பு, டிரெஸ்ஸரின் மருந்து, சீனரின் பற்று, மலாய்க்காரரின் உருட், வர்மம், அறுவை எனப் பல வழிகள் அடுத்தடுத்தும் அருகருகாகவும் இருந்து வந்துள்ளன. அவற்றுள் எதை நாடுவது என்ற முடிவு, எந்த முறை சிறந்தது என்னும் ஆராய்ச்சியால் அமைந்ததைக் காட்டிலும், மறுநாள் விடியலில் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நிற்க எது உதவும் என்னும் கணக்கால் அமைந்ததே அதிகம் என்பது இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோருக்குப் புலனாகும்.

சிலாங்கூரில் ரப்பர் வணிகப் பயிராக வேரூன்றியது 1890களின் நடுப்பகுதியில், காஜாங்கை அடுத்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் கன்று நட்டபோதாகும். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கிள்ளான் சமவெளியும் பத்துமலையின் சுற்றுப்புறமும் பால்மரக் காடுகளாயின. பால்மரம் வெட்டும் வேலை பார்வைக்கு இலேசானது. கையிலிருப்பது சிறு உளி, சீவப்படுவது மெல்லிய பட்டை. ஆயினும் அவ்வேலையின் அமைப்பே முதுகுக்குப் பகையாக இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டை சிறிது சீவப்படுவதால் வெட்டுக்கோடு மாதந்தோறும் கீழிறங்கும். நெஞ்சளவிலோ இடுப்பளவிலோ தொடங்கியது, ஆண்டுகள் செல்லச் செல்ல முழங்காலுக்கும் கீழே போய், வெட்டுபவர் ஒவ்வொரு மரத்தடியிலும் ஏறத்தாழத் தரையைத் தொடுமளவு வளைய வேண்டியதாகும். ஒரு நிரையில் சில நூறு மரங்கள் இருந்தன. ஒரு காலையில் அத்தனை முறை குனிந்து நிமிர்ந்தாக வேண்டும். மரம் முதிர்ந்து மேற்பட்டையை வெட்டும் கட்டம் வந்தால், நீண்ட கழியில் பூட்டிய உளியுடன் அண்ணாந்து வெட்ட வேண்டியிருந்ததால் வலி இடுப்பிலிருந்து கழுத்துக்கு இடம் மாறியது. வெட்டி முடிந்ததும் மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, இரு வாளிகளில் நிரப்பி, தோளில் வைத்த காண்டாக் கட்டையின் இருமுனையிலும் தொங்கவிட்டு, மேடு பள்ளங்களையும் வழுக்கும் வாய்க்கால் பலகைகளையும் கடந்து நிறுவைக் கொட்டகைக்குச் சுமந்து செல்ல வேண்டும். பால் சிந்தினால் கூலியும் சிந்தும் என்பதால், கால் இடறும்போது உடலைக் காப்பதைவிட வாளியைக் காப்பதே முதல் எண்ணமாக இருந்தது. இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு அதைவிடத் தோதான கணம் வேறில்லை.

தோட்டத்துக்கு வெளியிலும் நிலைமை வேறாக இல்லை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டபின், தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் தூக்கிப் பொருத்தும் கூட்டங்களில் தமிழ்த் தொழிலாளரே மிகுந்திருந்தனர்; 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மூட்டை சுமந்தோரிலும் அவர்கள் கணிசமானோர். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக மாறியபோது, நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதிய யாழ்ப்பாணத் தமிழரும் பாதையில் கட்டை சுமந்த தமிழகத்துத் தமிழரும் ஒரே வட்டாரத்தில், ஆனால் வேறு வேறு வரிசைகளில் குடியிருந்தனர். முதுகுவலி இரு சாராருக்கும் வந்திருக்கும். வந்தபின் ஓய்வெடுக்கும் உரிமைதான் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

மாதச் சம்பளக்காரருக்கும் நாட்கூலிக்காரருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைத் தோட்ட மருத்துவம் நாள்தோறும் நடைமுறைப்படுத்தியது. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பைக் காலனிய அரசின் தொழிற்சட்டங்கள் தோட்ட முதலாளிகள் மேல் சுமத்தின. பெரிய தோட்டங்கள் சொந்தமாகவும், சிறிய தோட்டங்கள் கூட்டாகவும் ஆஸ்பத்திரி வைத்திருந்தன. வெள்ளைக்கார மருத்துவர் குறித்த இடைவெளியில் வந்து பார்வையிட்டுப் போவார்; எஞ்சிய நாள்களில் நோயாளியைப் பார்த்தவர் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரே. அக்காலத் தோட்ட மருத்துவத்தின் கவனம் மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றின் மேல் இருந்தது. அதற்குத் தக்க காரணமும் உண்டு: 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி உலர்த்துவதன் மூலம் மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டியது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செயலாகும். ஆள் சாகும் இடத்தில் இடுப்புவலியைப் பற்றி யார் ஏட்டில் எழுதுவார்? கொல்லாத நோயாகவும், தொற்றாத நோயாகவும், காட்ட முடியாத நோயாகவும் இருந்த முதுகுவலி, கொய்னா மருந்துக்கும் பேதி உப்புக்கும் முதலிடம் தந்த அந்த அமைப்பில் தனக்கென ஓர் இடத்தைப் பெறவில்லை.

மருந்து தருவது டிரெஸ்ஸரின் ஒரு கடமை. வேலைக்கு வராதவர் உண்மையிலேயே நோயாளியா என்று சொல்வது மற்றொன்று. செக்ரோல் எனப்பட்ட வருகைப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு எதிரே விழும் குறியைப் பொறுத்தே அன்றைய கூலி அமைந்ததால், டிரெஸ்ஸரின் சொல் மருத்துவச் சொல்லாகவும் கணக்குச் சொல்லாகவும் ஒருங்கே இயங்கியது. காய்ச்சல்காரர் உடல் சுட்டதால் தப்பினார். குறுக்கு வலிக்கிறது என்றவர் சோம்பேறி என்றோ நேற்றைய கள்ளின் மயக்கம் தெளியாதவர் என்றோ ஐயுறப்பட்டார். ஆகவே வலியுடையவர் ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்திருந்து அரைநாளை இழப்பதைவிட, இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவதே மேல் என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை. இதைத் தமிழரின் அறியாமை என்றோ நாட்டு வைத்தியப் பற்று என்றோ எழுதிவிடுவது எளிது. கூலிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது தெளிவான கணிப்பு.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம், தொழிலாளர் நல்ல மருத்துவத்தை வேண்டாமென ஒதுக்கவில்லை என்பதற்கு ஒரு வலிமையான சான்றாகும். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னணியில் எழுந்த அப்போராட்டம், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலிக்காகவும், தோட்ட நிருவாகியான வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்குவதற்காகவும் நடந்ததாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதே கோரிக்கைப் பட்டியலில் தகுந்த மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலைநாளுக்கு முடிவு ஆகிய மூன்றும் இருந்தன என்பது போதிய கவனம் பெறவில்லை. முதுகின் நோக்கிலிருந்து படித்தால் இம்மூன்றும் ஒரே கோரிக்கையின் மூன்று முகங்கள்: வலியை உண்டாக்கும் வேலைநேரம், அதை ஆற்றத் தவறும் ஆஸ்பத்திரி, அதை மாலையில் மரத்துப்போகச் செய்யும் கள். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்; படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்தனர்; தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கதையில் முதுகுவலி பேசத்தக்க பொருளே அல்ல.

லயம் எனப்பட்ட தோட்ட வரிசை வீடுகளுக்குள் நடந்த வைத்தியம் தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்ததாகும். விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ காய்ச்சித் தேய்த்தல், நொச்சியிலையையும் ஆமணக்கிலையையும் வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தல், சூடாக்கிய உப்பு மூட்டையை இடுப்பில் வைத்தல் ஆகியன ஒவ்வொரு குடும்பமும் அறிந்தவை. கால் முன்வந்து பிறந்தவர் இடுப்பில் மெல்ல உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. இதில் மருத்துவம் எவ்வளவு, வேடிக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றாலும், உதைபட்டவர் சிரித்துக்கொண்டே எழுந்து நடந்திருப்பார் என்று ஊகிக்கலாம், அந்த நடை தேறுவதற்கு உதவியும் இருக்கும். வீட்டு வைத்தியத்துக்கு மேலே நின்றவர் ஆசான். சிலம்பம் கற்பித்தவரே சுளுக்கு எடுப்பவராகவும் எலும்பு கட்டுபவராகவும் இருக்கும் வழக்கம் தென்தமிழகத்துக்கும் குமரி வட்டாரத்துக்கும் உரியது. தோட்டங்களில் சிலம்பம் வளர்ந்த இடங்களில் அவ்வழக்கமும் வளர்ந்தது.

ஆசானின் கைப்பழக்கத்துக்குப் பின்னால் சித்த மருத்துவத்தின் விரிவான கோட்பாடு இருந்தது. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் சமநிலை குலைவதே நோய் எனக் கொள்ளும் அம்மருத்துவம், வாத நோய்கள் எண்பது என வகுத்து, இடுப்பிலும் தண்டெலும்பிலும் தோன்றும் வலியை அவற்றுள் அடக்குகிறது. இக்காலச் சித்த மருத்துவர்கள் கீழ்முதுகு எலும்புத் தேய்மானத்தைத் தண்டக வாதம் என்னும் பிரிவோடு ஒப்பிடுவது வழக்கம். உட்கொள்ளும் மருந்துகளோடு புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டையும் அது வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்றான தொக்கணம், உடலைக் கையால் கையாளும் கலையாகும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதற்கு ஒன்பது செய்முறைகள் சொல்லப்படுவதை நோக்கினால், தேய்த்துவிடுதல் என்று பொதுவாகச் சொல்லப்படும் செயலுக்குள் எத்தனை நுணுக்கமான வேறுபாடுகள் அடங்கியிருந்தன என்பது விளங்கும். வர்மம் இதனினும் தனித்தது: உயிராற்றல் தங்குவதாகக் கருதப்படும் நூற்றெட்டு இடங்களுள், அடிபட்டால் உயிருக்கே ஊறு செய்பவை படுவர்மம் பன்னிரண்டு, எஞ்சிய தொண்ணூற்றாறும் தொடுவர்மம் எனப் பிரித்து, அடியால் குலைந்ததை அளவறிந்த அழுத்தத்தால் சீர்செய்ய முயல்வது அதன் நெறி. குருவிடம் நெடுங்காலம் பழகிப் பெற வேண்டியதாகவும் மறைத்துக் காக்கப்பட்டதாகவும் இருந்தமையால், தோட்டத்தில் ஆசான் என்று அறியப்பட்ட ஒவ்வொருவரும் இந்நுட்பம் முழுவதையும் அறிந்திருந்தார் என்று கொள்வதற்கில்லை; கைராசியும் துணிவுமே மூலதனமாகக் கொண்டவர்களும் இருந்திருப்பர், அவர்களால் கெட்ட முதுகுகளும் இருந்திருக்கும். ஆனாலும் ஆசானிடம் இருந்த ஒரு வசதி ஆஸ்பத்திரியில் இல்லை: அவர் வேலை முடிந்த மாலையில் கிடைத்தார், வலி மெய்யா பொய்யா என்று கேட்கவில்லை.

மலாயாவில் வாழ்ந்தமையால் தமிழருக்குக் கிடைத்த கூடுதல் வாய்ப்பு அண்டை வீட்டாரின் வைத்தியமாகும். மலாய்க்காரரின் உருட், எண்ணெய் தொட்டு விரல்களால் தசைகளை நீவிப் பிசையும் முறை; அதனைத் தொழிலாகக் கொண்டவர் துக்காங் உருட் எனப்பட்டார். சீனரிடையே சின்சே எனப்பட்ட வைத்தியர், மூலிகைப் பற்றுப் போட்டும் ஊசி குத்தியும் குவளை வைத்து இரத்த ஓட்டத்தைத் தூண்டியும் சுளுக்கையும் பிடிப்பையும் ஆற்றினார். கோலாலம்பூரில் கப்பித்தான் யாப் குவான் செங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏழைகளுக்காகத் தொடங்கிய சீன மருந்தகமே பின்னர் துங் ஷின் மருத்துவமனையாக வளர்ந்து, இன்றும் மேலை மருத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் ஒரே வளாகத்தில் வழங்கி வருகிறது. 1920களில் சிங்கப்பூரிலிருந்து பரவிய புலித் தைலமும் கோடாலித் தைலமும் இனவேறுபாடின்றி எல்லாச் சமையலறை அலமாரிகளிலும் இடம்பிடித்தன. சமயத்திலும் உணவிலும் எல்லை வகுத்துக்கொண்ட சமூகங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டபோது அந்த எல்லைகளை எளிதாகக் கடந்தன என்பது மலேசிய வரலாற்றாசிரியர்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டிய ஒரு பகுதியாகும்.

கள்ளும் நேர்த்திக்கடனும் சிகிச்சை வரலாற்றில் சேருமா என்ற கேள்வி எழலாம். தோட்ட நிருவாகமே அருகில் கடை நடத்தத் துணைநின்ற கள், பிற்பகல் வலிக்கு மலிவான மருந்தாக இருந்தது என்பதையும், அம்மருந்து குடும்பங்களைத் தின்றது என்பதையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை. நேர்த்திக்கடன் வேறு தளத்தைச் சார்ந்தது. கா. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்று, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் இடத்தில், தீராத நோய் தீர்ந்தால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்வது தொடக்கம் முதலே வழிபாட்டின் ஒரு பகுதி. பக்தர்கள் ஏறும் இருநூற்று எழுபத்திரண்டு படிகளை மருத்துவக் கண்ணால் காண்பவர், வலியுள்ள முதுகு இத்தனை படியையும் தோளில் காவடியோடு எப்படித் தாங்குகிறது என்று வியப்பர். அதற்கு முன்னரே விரதம், நாட்கணக்கில் ஒழுங்குபட்ட உணவும் உறக்கமும், கள்ளை விடுதல், சுற்றத்தார் சூழ்ந்து நிற்றல் ஆகியன நிகழ்ந்துவிடுகின்றன என்பதைக் கவனத்தில் கொண்டால், வியப்பு குறையாவிட்டாலும் சற்று விளக்கம் கிடைக்கும்: வலியை அஞ்சி உடலை அசைக்காமல் வைத்திருப்பவருக்கு, உடல் இன்னும் தாங்கும் என்ற உறுதி திரும்புவதே தேறுதலின் பெரும்பகுதி என்று இன்றைய வலி மருத்துவம் கூறுகிறது. முருகனருளை இவ்விளக்கத்துக்குள் அடக்கிவிடலாம் என்பது இதன் பொருளன்று. வேண்டுதலைச் செய்தவர்களும் அவ்வாறு அடக்கிப் பார்த்ததில்லை.

பெண்களின் முதுகு இரட்டைச் சுமை தாங்கியது. ஆணுக்கு நிகராகப் பால் வெட்டியபின் தண்ணீர் சுமப்பதும் பிள்ளை தூக்குவதும் அவர்களுடைய பங்கு. பிரசவத்துக்குப் பின் வயிற்றை இறுகக் கட்டுதல், மஞ்சளும் எண்ணெயும் தேய்த்து வெந்நீர் ஊற்றுதல், காயமும் பத்தியமும் ஆகிய தமிழ் முறைகளோடு, துணியில் பொதிந்த சூடான கல்லால் ஒற்றும் துங்கு என்னும் மலாய் முறையும் சில குடும்பங்களில் இணைந்தது. பேறுகாலத்துக்குப் பின் சரியாகக் கவனிக்காவிட்டால் ஆயுள் முழுதும் குறுக்கு வலிக்கும் என்ற மூதாட்டியரின் எச்சரிக்கை, வேலைக்கு அழைக்கும் கங்காணியிடமிருந்து சில நாள்களை மீட்டுக்கொடுக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

இதற்கிடையே மேலை மருத்துவம் முதுகுவலிக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. 1934இல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினர். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் வட்டின் காலமாகவே இருந்தது. எக்ஸ்ரே, இடுப்புக் கச்சை, எடை கட்டி இழுத்தல், வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு, எதற்கும் மசியாவிட்டால் அறுவை என்ற வரிசை, விடுதலைக்குப் பின் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும், 1960களில் எழுந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் படிப்படியாகத் தோட்டத் தொழிலாளருக்கும் எட்டியது. நரம்பு உண்மையிலேயே நசுங்கியவருக்கு அறுவை பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் படுக்கை ஓய்வு என்னும் மருந்து நாட்கூலிக்காரர் எவராலும் வாங்க முடியாத விலையுடையதாக இருந்தது. பிற்காலத்தில், 1986இல் அமெரிக்காவிலும் 1995இல் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகள், நீண்ட படுக்கை ஓய்வு பயனற்றது, இயன்றவரை வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்வதே நல்லது என்று காட்டின. இதை வைத்து, வலியோடு வேலைக்கு விரட்டிய பழைய நிருவாகங்கள் அறியாமலே சரியாகச் செய்தன என்று வாதிடுவது விபரீதம்; நடமாடுவது வேறு, இரு வாளிப் பால் சுமப்பது வேறு.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலையிடத்து விபத்தை முன்னிறுத்தியது. விழுந்து இடுப்பு முறிந்தவருக்கு அதில் வழி இருந்தது, இருபது ஆண்டு குனிந்து தேய்ந்தவருக்கு அவ்வளவாக இல்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் கூலியையும் விடுப்பையும் பேசி வாங்கியது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் ஊதியத்தோடு கூடிய நோய்விடுப்பை உரிமையாக்கியபின், எம்.சி. என்னும் மருத்துவச் சான்றுத் தாள் தொழிலாளர் வாழ்வில் மதிப்புமிக்க காகிதமாயிற்று. இன்று நடப்பிலுள்ள அளவுப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள், ஐந்தாண்டு கடந்தவருக்கு இருபத்திரண்டு நாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதையே தன் இலக்கணமாகக் கொண்ட ஒரு நோய் இந்த நாள்களுக்குள் அடங்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து டிரெஸ்ஸரின் தகுதியை ஒழுங்குபடுத்தியது. அதற்குள் தோட்டங்களே மாறத் தொடங்கியிருந்தன.

பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. 1917இல் கோலசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே தொடங்கிய அப்பயிர், 1960களுக்குப் பின் பெருகியபோது, பத்து முதல் இருபத்தைந்து கிலோ எடையுள்ள குலைகளைத் தூக்கி எறிவதும், உதிர்ந்த பழங்களைக் குந்தியும் குனிந்தும் பொறுக்குவதும் முதுகுக்குப் புதிய சோதனைகளாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக விற்கப்பட்டும் போக, குடும்பங்கள் கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, செந்தூல், பத்துமலைப் பகுதிகளின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. குனிந்து வெட்டிய முதுகு, லாரி ஓட்டும் முதுகாகவும் தொழிற்சாலை வரிசையில் நிற்கும் முதுகாகவும் மாறியது. ஆசான் இருந்த லயம் கலைந்தபின் அவரைத் தேடிப் போகும் மாலைநேரமும் கலைந்தது.

அந்த வெற்றிடத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஒரு புதிய பங்கை ஏற்றது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தில் நிலைகொண்டு, அதன் கர்னி பயிற்சி மையம் 1953 முதல் பார்வையற்றோருக்குத் தொழில் கற்பித்தது. காலப்போக்கில் உடற்பிடிப்பு, அதாவது மசாஜ், அவர்களது முதன்மைத் தொழில்களுள் ஒன்றாயிற்று. பார்வையற்றோர் உடற்பிடிப்பில் தேர்ச்சி பெறுவது ஜப்பானில் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறுவன வடிவம் பெற்ற மரபாகும். பிரிக்பீல்ட்ஸில் அது, தம்பிப்பிள்ளை சாலையையும் துன் சம்பந்தன் சாலையையும் ஒட்டிய கடைவீட்டு மாடிகளில், மலாய், சீன, தமிழ்க் கைகள் எல்லா இனத்து முதுகுகளையும் பிடித்துவிடும் எளிய நிலையங்களாக வளர்ந்தது. மணிக்கணக்கில் கட்டணம், முன்பதிவு வேண்டாத வசதி, இரவுவரை திறந்திருத்தல் ஆகிய மூன்றும் அவற்றின் வெற்றிக்குக் காரணங்கள். ஆசானிடம் இருந்த அதே மாலைநேர வசதி வேறு உருவில் திரும்பியது எனலாம்.

2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் பிரிக்பீல்ட்ஸின் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்த அதே பயணத்தில், பாரம்பரிய மருத்துவத் துறையில் இரு நாடுகளும் ஒத்துழைப்பதற்கான உடன்பாடும் கையெழுத்தானது. அலங்கார வளைவுகளும் நீரூற்றும் செய்தித்தாள்களின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு இவ்வுடன்பாடு ஈர்க்கவில்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2004இலேயே பாரம்பரிய, துணைநிலை மருத்துவத்துக்கென ஒரு பிரிவை அமைத்து, 2007 முதல் தெரிந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில் நாள்பட்ட வலிக்கு மலாய் உருட்டையும் சீன ஊசிமுறையையும் வழங்கத் தொடங்கியிருந்தது. நெற்றியில் தைலம் வார்த்தல், மாவால் அணைகட்டி இடுப்பில் சூடான தைலத்தைத் தேக்கிவைக்கும் புற வஸ்தி, வர்ம சிகிச்சை ஆகிய இந்திய முறைகளுக்கும் அமைச்சின் செயல்முறை வழிகாட்டிகள் பின்னர் வெளிவந்தன. தமிழரான டாக்டர் ச. சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்த 2016இல் நடைமுறைக்கு வந்த பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம், மலாய், சீன, இந்திய மருத்துவங்களோடு ஓமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இசுலாமிய மருத்துவம் ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தொழிலாகக் கொண்டோர் பதிவு செய்துகொள்வதற்கு வழிசெய்தது. லயத்தில் இரவல் விளக்கில் நடந்த வர்மம், பதிவெண்ணும் படிவமும் கொண்ட சேவையாவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. இதனால் நோயாளிக்குப் பாதுகாப்பு கூடியது, ஏட்டில் எழுதாத கைப்பழக்கத்துக்கோ தகுதிச் சான்று காட்டும் இடர்ப்பாடு வந்தது.

இன்று இப்பள்ளத்தாக்கில் வாழும் ஒருவர் தம் முன்னுள்ள வழிகளை எடைபோடும்போது துணைக்கு வரும் ஆய்வுகள், பழைய தராசை இரு பக்கமும் திருத்துகின்றன. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத தொண்ணூற்றெட்டுப் பேரைக் காந்தப் படமெடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டோரிடம் வட்டுப் புடைப்பு இருந்தது; எனவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்ற முடிவு தளர்ந்தது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், முதுகெலும்பைக் கையால் அசைத்தல், உடற்பிடிப்பு, ஊசிமுறை, மனவழிச் சிகிச்சை, அழற்சி குறைக்கும் மாத்திரைகள் ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. இடுப்புக் கச்சை, எடை கட்டி இழுத்தல், அபின்வழி வலிநிவாரணிகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அதன் பரிந்துரைகளுள் பல நிபந்தனைக்குட்பட்டவை, அவற்றுக்கான சான்றின் உறுதியும் குறைவு. பாட்டியின் ஒற்றடம் வென்றுவிட்டது என்று மேடையில் முழங்குவதற்கு அது இடந்தராது. மேலும், காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வரும் முதுகுவலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், சிறுநீர் கழிப்பதில் தடையோ காலில் வலுவிழப்போ சேர்ந்தால் அது அவசர அறுவைக்குரியதாக இருக்கலாம். அத்தகையவரை மருத்துவமனைக்கு அனுப்பாமல் எண்ணெய் தேய்க்கும் ஆசான், அன்றும் சரி இன்றும் சரி, தீங்கிழைப்பவரே.

வழிகாட்டி பரிந்துரைப்பவற்றுள் பெரும்பாலானவை, பயிற்சியும் உடற்பிடிப்பும் மனவழிச் சிகிச்சையும், வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்துபோக வேண்டியவை. மாத்திரைக்கு ஐந்து நிமிடம் போதும்; நாட்கூலிக்காரருக்கு எது எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இடைவெளியை நிரப்பச் சட்டமும் ஓரளவு முயன்றது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971 முதல் இயங்கும் சொக்சோ, வேலையிடப் பாதிப்புக்கும் உடல் இயலாமைக்கும் ஈட்டுறுதி அளித்து, 2014இல் மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தையும் திறந்து, நீண்டகாலப் பயிற்சிச் சிகிச்சைக்கு வழிசெய்தது. 2017இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநரையும் செயலி வழி வாடகைக் கார் ஓட்டுநரையும் அதன் குடைக்குள் கொண்டுவந்தது. 2022 டிசம்பர் முதல், ஆண்டுக்கு நூற்றிருபது ரிங்கிட் சந்தாவில், இல்லத்தரசியரும் சேரலாம் என்றாயிற்று. உடல் இயலாமைக்கான ஓய்வூதியத்தைக் கோரும் தொழிலாளி, தம் போன்ற உடல்நலமுள்ள ஒருவர் வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இனி ஈட்ட இயலாதவர் என்று மருத்துவ வாரியத்தின் முன் நிலைநாட்ட வேண்டும். படத்தில் ஒன்றும் தெரியாத வலியுடன் வருபவருக்கு அது எளிதன்று, ஆகையால் அத்தகையோருள் பலர் இன்னும் மாலையில் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படி ஏறி முதுகைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு, காலையில் வண்டி எடுக்கிறார்கள்.